காற்றாலையில் ஒரு குடித்தனம்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரிலிருந்து லண்டன் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை, சில மைல் தொலைவிலேயே ஒரு சுண்ணாம்புக் குன்றைக் குடைந்துகொண்டு போகிறது. ஒரு மைலுக்கும் சற்று அதிக நீளமுள்ள அச்சுரங்கத்திற்குக் கிளேட்டன் சுரங்கம் என்று பெயர். அக்குன்றின் முடியில் இரண்டு காற்றாலைகள் அண்டை வீட்டாரைப் போல அருகருகே நிற்கின்றன. ஒன்று மரத்தால் ஆகி வெண்ணிறம் பூசப்பெற்றது. மற்றொன்று செங்கற் கோபுரம். தண்ணீர் மொள்ளக் குன்றேறிய சிறுவனும் சிறுமியும் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டொன்றை ஆசிரியர்களில் பலர் அறிந்திருப்பர். அப்பாட்டில் வரும் பெயர்களையே மக்கள் இவ்வாலைகளுக்கும் சூட்டிவிட்டனர். செங்கற் கோபுரம் ஜாக். மர ஆலை ஜில். இவற்றுள் ஜாக் என்பது மாவரைப்பதை விட்டு மனிதர் வாழும் இல்லமாக மாறிய வரலாற்றையும், மாறாமல் நின்ற ஜில்லுக்கு நேர்ந்ததையும் கூறுவதே இக்கட்டுரை.

முதலில் இவ்விரண்டின் அமைப்பு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நலம். காற்று ஒரே திசையிலிருந்து வீசுவதில்லை. ஆகவே எந்த ஆலையும் தன் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டியதாகிறது. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளிலேயே பாரசீக நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள சிஸ்தான் பகுதியில் காற்றாலைகள் இயங்கின. ஆனால் அவற்றின் அச்சு செங்குத்தாக நின்றது. அங்கே காற்றும் பருவத்திற்கு ஒரே திசையில் வீசியது. எனவே திருப்ப வேண்டிய தேவை எழவில்லை. வடமேற்கு ஐரோப்பாவில், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிடை அச்சுடைய ஆலை தோன்றியது. ஒரே தடித்த ஓக் மரத்தூணின்மேல், இறக்கைகள், பற்சக்கரங்கள், அரைகற்கள், மாவு மூட்டைகள், ஆலைக்காரன் அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு மர அறை முழுவதுமே சுழலுமாறு அமைத்தனர். இதனைத் தூண் ஆலை எனலாம். ஜில் இவ்வகையைச் சேர்ந்தது. பின்னர் எழுந்த கோபுர ஆலையிலோ செங்கற் சுவர் அசைவதில்லை. உச்சியிலுள்ள தொப்பி போன்ற கூரை மட்டுமே இறக்கைகளைத் தாங்கியவண்ணம் திரும்புகிறது. ஜாக் இவ்வகை. ஓர் ஆலை பிற்காலத்தில் வீடாகக் கூடுமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாடே தீர்மானித்துவிடுகிறது. ஏனெனில் திரும்பிக்கொண்டேயிருக்கும் அறையில் அடுப்பு மூட்டவும் இயலாது, புகைபோக்கி கட்டவும் இயலாது.

மர ஆலைகளுக்கு மற்றொரு வசதி உண்டு. அவற்றை இடம் பெயர்க்கலாம். ஜில் 1821-ஆம் ஆண்டில் பிரைட்டன் நகரில் கட்டப்பெற்றது. நகரம் விரிந்து வீடுகள் நெருங்கியபின் அங்கே காற்று தடைப்பட்டிருக்கும் என்று எண்ணலாம். 1852-ஆம் ஆண்டில் அந்த ஆலையைக் குதிரைகளும் எருதுகளும் பூட்டி, மேடும் பள்ளமுமான குன்றுகளின்மீது ஏறத்தாழ 5 மைல் தூரம் இழுத்துவந்து கிளேட்டனில் நிறுத்தினர். அந்தப் பக்கத்தில் இது முதல் முயற்சியுமன்று. 1797-ஆம் ஆண்டிலேயே பிரைட்டனில் வேறோர் ஆலையை 86 எருதுகள் இழுத்துச் சென்றிருக்கின்றன. நம் ஊர்களில் தேர் இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள், சக்கரத்திற்குச் சறுக்குக்கட்டை வைப்பவனின் பொறுப்பு எத்தகையது என்பதை அறிவார்கள். இங்கும் இறக்கத்தில்தான் அபாயம் அதிகமாக இருந்திருக்கும்.

கிளேட்டனில் அதற்கு முன்பே 1765-ஆம் ஆண்டில் எழுந்த டன்க்டன் ஆலை என்ற தூண் ஆலையொன்று இருந்தது. 1866-ஆம் ஆண்டில் அதை அகற்றிவிட்டு, அதன் அருகிலேயே ஐந்து தளங்கள் கொண்ட செங்கற் கோபுரத்தை எழுப்பினர். அதுவே ஜாக். பழைய ஆலையின் அடிப்பகுதியைச் சூழ்ந்திருந்த வட்டமான அறையை மட்டும் இடிக்காமல் சேமிப்பறையாக வைத்துக்கொண்டனர். ஆக, 1866-க்குப் பின் அக்குன்றின்மேல் இரண்டு ஆலைகளும் ஒரு பாதி ஆலையும் நின்றன.

ஜாக் கட்டப்பெற்ற காலத்தில் காற்றாலை நுட்பம் தன் முழு வளர்ச்சியை எட்டியிருந்தது. அந்நுட்பத்தின் சில கூறுகள் வகுப்பறையில் விளக்கத்தக்கவை. 1745-ஆம் ஆண்டில் எட்மண்டு லீ என்பவர் வால்விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய இறக்கைகளுக்குப் பின்புறம், அவற்றிற்குச் செங்கோணமாக, ஒரு சிறு விசிறி பொருத்தப்படுகிறது. ஆலை நேராகக் காற்றை நோக்கியிருக்கும்போது காற்று அவ்விசிறியின் விளிம்பை மட்டும் தொட்டுச் செல்வதால் அது சும்மா இருக்கும். காற்றின் திசை மாறிய மாத்திரத்தில் அதன் பக்கவாட்டில் காற்றுப்பட்டு அது சுழலும். பற்சக்கரங்கள் வழியாகத் தொப்பியை மெள்ள மெள்ளத் திருப்பும். ஆலை மீண்டும் காற்றை நேர்கொண்டவுடன் தானே நின்றுவிடும். நள்ளிரவில் எழுந்துவந்து ஆலையைத் திருப்பும் வேலை ஆலைக்காரனை விட்டு நீங்கியது. மனிதன் கைப்படாமல் தன் பிழையைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் பொறிகளுள் மிகப் பழையனவற்றில் இதுவும் ஒன்று.

1807-ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் செய்த இறக்கை அடுத்த படி. முற்காலத்து இறக்கைச் சட்டங்களின்மேல் பாய்த்துணி விரிப்பார்கள்; காற்று மிகுந்தால் ஆலையை நிறுத்தி ஒவ்வோர் இறக்கையாகத் துணியைச் சுருட்ட வேண்டும். மழையிலும் உறைபனியிலும் இது செய்யத்தக்க வேலையன்று. 1772-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ மெய்க்கிள் துணிக்குப் பதிலாக ஜன்னல் தட்டிகளைப் போன்ற சிறு பலகைகளை வைத்து, சுருள்வில்லால் அவற்றை மூடிவைக்கும் முறையைக் கண்டார். கியூபிட் அந்த வில்லை நீக்கி, எல்லாத் தட்டிகளையும் இணைக்கும் கம்பியொன்றை உள்ளீடற்ற இரும்பு அச்சின் ஊடே செலுத்தி, ஆலைக்குப் பின்புறம் சங்கிலியில் எடையைத் தொங்கவிட்டார். காற்றின் அழுத்தம் அந்த எடையை மிஞ்சினால் தட்டிகள் தாமே திறந்து காற்றை வழிவிட்டு விடுகின்றன, தணிந்தால் மூடிக்கொள்கின்றன. எவ்வளவு மாவு வேண்டுமோ அவ்வளவுக்கேற்ப எடையை மாட்டினால் போதும். ஜாக், ஜில் இரண்டிலும் இவ்வகை இறக்கைகளே இருந்தன. (சஸெக்ஸ் வட்டார மக்கள் இறக்கையைத் தம் பேச்சுவழக்கில் 'ஸ்வீப்' என்பார்கள், வீசிப் பெருக்குவது என்ற பொருள் தருவது. 'இறக்கை' என்னும் நம் சொல் இதைவிட அழகாகவே உள்ளது.)

நீராவி யந்திரத்தின் வேகத்தைச் சீராக்கும் இரட்டைக் குண்டுகளை ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்ததாகவே பல பாடப்புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. உண்மையில் அவர் அதை 1788-ஆம் ஆண்டில் காற்றாலைகளிலிருந்து எடுத்தாண்டார். காற்றின் வேகம் கூடினால் மேல்கல் மேலெழ முயலும், மாவு பருமனாகிவிடும். சுழலும் குண்டுகள் வெளிநோக்கி விரிந்து, நெம்புகோல் மூலம் கல்லைத் தாழ்த்தி, இடைவெளியைச் சீராக வைத்திருந்தன. வீட்டில் திரிகையில் உளுந்து உடைத்தவர்களுக்கு இந்த இடைவெளியின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. திரிகையைப் போலவே ஆலையிலும் அடிக்கல் அசையாது, மேல்கல் சுழலும். வேறுபாடு அளவில்தான். ஆலைக்கல் நான்கு அடி விட்டமும் ஏறக்குறைய ஒரு டன் எடையும் உடையது. இறக்கைகள் நிமிடத்திற்குப் பத்துப் பதினைந்து முறை சுழல, கல்லோ நூறு முறைக்கு மேல் சுழலும்படி பற்சக்கரங்கள் அமைந்திருக்கும்.

காற்றின் ஆற்றலைப் பற்றிய கணக்கை முதன்முதலில் ஒழுங்காகச் சோதித்துச் சொன்னவர் ஜான் ஸ்மீட்டன். இயற்கைக் காற்று சோதனைக்கு ஏற்றபடி சீராக வீசாது என்பதால், கயிற்றை இழுத்துச் சுழற்றும் ஒரு நீண்ட கையின் நுனியில் சிறு இறக்கைகளைப் பொருத்தி, அசையாத காற்றினூடே அவற்றைச் செலுத்தினார். காற்று இறக்கையை நோக்கி வருவதும், இறக்கை காற்றை நோக்கிப் போவதும் ஒன்றே என்பது இதிலுள்ள சூழ்ச்சி. 1759-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டியின் முன் வைக்கப்பெற்ற அவருடைய ஆராய்ச்சிக்குக் காப்ளிப் பதக்கம் கிடைத்தது. இறக்கைகள் ஆற்றும் வேலை, காற்றின் வேகத்தினுடைய மும்மடிப் பெருக்கத்தை ஏறத்தாழ ஒட்டிச் செல்கிறது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. இதன் காரணத்தை மாணவர்க்குச் சொல்வது எளிது: இருமடங்கு வேகத்தில் இருமடங்கு காற்று வருகிறது, அதன் ஒவ்வொரு பங்கும் நான்கு மடங்கு இயக்க சக்தியைச் சுமந்து வருகிறது. புயலின்போது ஆலைக்கு என்ன நேரும் என்பதற்கும் இதே கணக்கைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை நுட்பம் கூடியும் ஜாக் நாற்பது ஆண்டுகளே அரைத்தது. ஜில் 1906-ஆம் ஆண்டிலும் ஜாக் 1907-ஆம் ஆண்டிலும் ஓய்ந்தன. 1880-க்குப் பின் எஃகு உருளைகளைக் கொண்ட நீராவி ஆலைகள் துறைமுகங்களில் எழுந்து, வெண்மையான மாவை மலிவாகக் குவித்தன. அவற்றுக்கு வேண்டிய கோதுமை உள்நாட்டு வயல்களிலிருந்து வரவில்லை. வட அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் கப்பல்களில் வந்தது. 1869-ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறந்தபின், அன்றைய பஞ்சாபின் கோதுமையும் இருப்புப் பாதையில் கராச்சிக்குச் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்தது. பஞ்சாப் உழவனுக்கும் சஸெக்ஸ் குன்றின் ஆலைக்காரனுக்கும் அறிமுகம் ஏது? ஆயினும் ஒருவன் விளைத்தது மற்றவனுடைய தொழிலைக் குறைப்பதில் ஒரு பங்கு கொண்டது.

தொழில் போன ஆலையின் விதி பெரும்பாலும் விறகாவதுதான். ஜாக் தப்பியது, மனிதர் அதனுள் குடிபுகுந்ததால். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே எட்வர்ட் மார்ட்டின் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே தங்கி வாழ்ந்தார். தம் ஆலை வாழ்க்கையைப் பற்றி 1920-ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார். சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் வாழ நிலவியல் அறிஞருக்குச் சொல்லித்தர வேண்டுமா? பின்னர் உடைமை கைமாறி, 1953-ஆம் ஆண்டில் ஹென்றி லாங்ஹர்ஸ்ட் என்பவர் ஆலைகளை வாங்கினார். இவர் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுதியும், பி.பி.ஸி.யில் நேர்முக வருணனை செய்தும் பெயர் பெற்றவர். போர்க்காலத்தில் சிறிது காலம் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஆலைக் கோபுரத்தை வீடாக்குவது தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு இன்பமான கற்பனை. உள்ளே வாழ்வோர் முதலில் சந்திப்பது வட்டச் சுவர். 7 மீட்டர் விட்டமுள்ள அறைக்கு 38.5 சதுர மீட்டர் பரப்பு உண்டு, தாராளமான அறைதான். ஆனால் 2 மீட்டர் நீளமுள்ள கட்டிலை அச்சுவரோடு சேர்த்துப் போட்டால், நடுவில் 15 சென்டிமீட்டர் இடைவெளி விழும். கோபுரம் மேலே செல்லச் செல்லக் குறுகுவது. விட்டம் 4 மீட்டராகிய மேல் அறையில் அதே கட்டிலின் பின்னால் 27 சென்டிமீட்டர் விழும்; தலையணை அங்கே மறைந்துவிடும். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை உள்ள உயரத்தைக் கணக்கிடப் பிதாகரஸ் தேற்றமே போதுமாதலால், இதை உயர்நிலைப் பள்ளிக் கணக்காகத் தரலாம். சுவர் செங்குத்தாகவும் நிற்பதில்லை, உட்சாய்ந்து செல்கிறது. அலமாரியை அதனோடு ஒட்டவைத்தால் தலைப்புறம் இடிக்கும், அடிப்புறம் விலகும்.

அச்சாய்வினால் வேறொரு தொல்லையும் உண்டு. செங்குத்தான சுவரில் மழை வழிந்துவிடும். மேலே கூரையின் இறவாரமும் காக்கும். சாய்ந்த கோபுரச் சுவருக்கு இறவாரமில்லை. குன்றின்மேல் அடித்து வீசும் மழையை அது முழு உடலாலும் ஏற்கிறது. செங்கல் நீரைக் குடிக்கும் தன்மையது. பல செங்கற் காற்றாலைகளுக்கு வெளிப்புறம் தார் பூசியதற்குக் காரணம் இதுவே. மாவரைத்த காலத்திலேயே ஈரம் பகை. படுக்கையும் புத்தகமும் வைக்கும் காலத்தில் சொல்ல வேண்டியதில்லை. இறுதியாக, படிக்கட்டு. தளத்திற்கு ஓர் அறை வீதம் ஐந்து தளமாக வாழ்வது எத்தகையதென்றால், தேநீர்க் குவளையை மறந்துவிட்டு வந்தால் ஐந்து மாடி இறங்க வேண்டும் என்பதே.

லாங்ஹர்ஸ்ட் குடியேறிய பத்து ஆண்டுகளுக்குப்பின், 1963-ஆம் ஆண்டில், பீட்டர் பால்கனர் என்னும் கட்டிடக் கலைஞரைக்கொண்டு ஜாக்கின் அருகிலேயே புதுப்பாணியில் வீடொன்று கட்டுவித்தார். மேற்சொன்ன தொல்லைகளை வைத்து நோக்கினால் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆலை அதனால் வீட்டின் ஓர் உறுப்பாயிற்று. அவர் 1978-ஆம் ஆண்டில் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

ஆலைகளை வீடாக்குவதைக் குறித்து அந்நாட்டு அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பண்டைக் கட்டிடங்களைக் காக்க 1877-ஆம் ஆண்டில் வில்லியம் மாரிஸ் முதலியோர் தோற்றுவித்த சங்கம், 1931-ஆம் ஆண்டில் காற்றாலைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. பொறிகளோடு கூடிய ஆலையே ஆலை. பொறிகளைக் கழற்றிவிட்டுத் திரை தொங்கவிட்ட கோபுரம் வெறும் வடிவம் என்பது ஒரு சாரார் வாதம். அறைகளுக்கு இடம் வேண்டுமாயின் கற்களும் சக்கரங்களும் வெளியேறவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடியிருப்போர் உள்ள கூரை ஒழுகினால் அன்றே கவனிக்கப்படுகிறது. ஆளில்லாத ஆலையில் தொப்பி திரும்பாது நின்றுவிடும். மழை ஒரே பக்கத்தில் இறங்கி அச்சின் தலையை அரிக்கும். பின்புறமிருந்து பலத்த காற்று அடித்தால், முன்னிருந்து அடிப்பதைத் தாங்குமாறு அமைந்த தொப்பியும் இறக்கைகளும் பெயர்ந்து விழக்கூடும். பயனின்றிக் காப்பது எளிதன்று என்பதே என் கருத்து.

வீடும் ஆலையும் ஒன்றாகவே இருந்த நாடு ஹாலந்து. அங்கே கிண்டர்டைக் என்னுமிடத்தில் 19 ஆலைகள் நிற்கின்றன; அவற்றுள் எட்டு 1738-ஆம் ஆண்டிலும் எட்டு 1740-ஆம் ஆண்டிலும் எழுந்தவை. அவை மாவரைப்பவை அல்ல. கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த வயல்களிலிருந்து நீரிறைப்பவை. வெள்ளம் இரவு பகல் பார்ப்பதில்லை. ஆகையால் ஆலைக்காரன் மனைவி மக்களோடு ஆலைக்குள்ளேயே குடியிருந்தான். அறையின் நடுவே அச்சு சுழல, பக்கத்தில் மூடிய பெட்டிப் படுக்கைகளில் குழந்தைகள் உறங்கின. வாயிலின் எதிரே தரையை ஒட்டி இறக்கை வீசிச் செல்லுமாதலால், குழந்தைகளை எப்பக்கம் விளையாட விடுவது என்பது அன்றாடக் கவலையாயிருந்தது. 1997-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆலையில் குடியிருக்கும் வழக்கம் அங்கே இன்னும் அற்றுப்போகவில்லை.

கிளேட்டனுக்குத் திரும்புவோம். யாரும் குடியேற இயலாத ஜில் 1908-ஆம் ஆண்டின் புயலில் சேதமுற்று, அடுத்த ஆண்டுகளில் இறக்கைகளையும் வால்விசிறியையும் இழந்தது. 1953-ஆம் ஆண்டில் வெளித்தோற்றம் செப்பனிடப்பட்டது. ஆயினும் அரைக்கும் திறன் மீளவில்லை. 1978-ஆம் ஆண்டில் தொண்டர்கள் சிலர் கூடி உள்பொறிகளைத் திருத்தத் தொடங்கி, எட்டு ஆண்டு உழைப்பிற்குப் பின் 1986-ஆம் ஆண்டில் ஜில்லை மீண்டும் மாவரைக்கச் செய்தனர். இதற்கிடையில் ஜாக்குக்கு வேறு வழியில் பேறு வாய்த்தது. மைக்கேல் கெய்ன் நடித்து 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கறுப்புக் காற்றாலை' என்ற திரைப்படத்திற்காக, படத் தயாரிப்பாளர்கள் 1973-ஆம் ஆண்டில் அதற்குப் புதிய இறக்கைகளைப் பொருத்தினர். அறிஞர் சங்கங்களின் வேண்டுகோளால் நடவாதது ஒரு சினிமாவால் நடந்தது.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி இரவு தென் இங்கிலாந்தை ஒரு பெரும்புயல் தாக்கியது. ஜில் மீண்டும் அரைக்கத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. ஆலையின் தடை இறுக்கிப் போடப்பட்டிருந்தது. ஆயினும் காற்று அத்தடையை மீறி இறக்கைகளைச் சுழற்றியது; பற்சக்கரத்தைச் சுற்றிப் பிடித்திருந்த மரத்தடை உராய்ந்து உராய்ந்து தீப்பற்றியது. இறக்கை வழியே வந்த காற்றின் சக்தி முழுவதும் அந்த ஓரிடத்தில் வெப்பமாக மாறிக்கொண்டிருந்தது. மரத்தாலான ஆலை, உச்சியில் நெருப்பு, வெளியே புயல். ஆலைச் சங்கத்தைச் சேர்ந்த சிலர் அந்த இருளிலும் காற்றிலும் குன்றேறிச் சென்று, ஆலைக்குள் புகுந்து தீயை அணைத்தனர். ஜில் பிழைத்தது, செப்பனிடப்பட்டு மறுபடி அரைத்தது. அருகில் நின்ற ஜாக்கில் எரிவதற்கு எதுவும் சுழலவில்லை.